கிளாராவின் வீட்டுக்காரர்

டிசம்பர் மாதம் சென்னையில் எந்த சபாவுக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். முன் வரிசையில் ஓர நாற்காலி. மடியில் வெந்நீர் ஃபிளாஸ்க், காலடியில் ஸ்ருதிப்பெட்டி வைத்த பை. தனி ஆவர்த்தனம் முடிந்து கூட்டம் கைதட்டும்போது இவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த கச்சேரி வேறு சபாவில் என்றால் கார் எத்தனை மணிக்கு வாசலுக்கு வர வேண்டும் என்கிற கணக்கு அது. பாடகியின் கணவராக இருக்கலாம், மிருதங்க வித்வானின் மனைவியாக இருக்கலாம். மறுநாள் விமர்சனத்தில் ராகத்துக்கு ஒரு பத்தி கிடைக்கும், பக்கவாத்தியத்துக்கு ஒரு வரி கிடைக்கும். இவருக்கு எதுவும் கிடையாது. அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனாலும் இதே கதைதான். திங்கள் முதல் வெள்ளி வரை முன்பின் தெரியாத யார் வீட்டு மாடியறையிலோ பொழுதைப் போக்கிவிட்டு, சனி ஞாயிறில் பெட்டி தூக்க வேண்டும்.

இப்படிக் கூடப் போகிறவருக்கு உள்ளுக்குள் என்ன ஓடும்? பெரும்பாலும் யாரும் எழுதிவைப்பதில்லை. எழுதிவைத்த ஒருவர் ராபர்ட் ஷூமன். இன்று பியானோ படிக்கும் குழந்தைகள் பலர் இவர் எழுதிய ஒரு துண்டையாவது வாசித்திருப்பார்கள். ஆனால் 1840-களில் ஐரோப்பாவின் பல நகரங்களில் இவரை அறிமுகப்படுத்தியது வேறு மாதிரி: பியானோ கலைஞர் கிளாராவின் கணவர்.

கிளாரா 1819-ல் லைப்ஸிக் நகரில் பிறந்தவர். ஒன்பது வயதில் அந்த ஊரின் புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் மேடையேறினார். பதினெட்டு வயதில் ஆஸ்திரிய அரசவையின் ஆஸ்தான கலைஞர் என்ற பட்டம் வாங்கினார். ஷூமன் அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். பியானோ மேதையாக வேண்டும் என்று கிளாராவின் அப்பாவிடமே பாடம் கேட்க வந்தவர். 1832 வாக்கில் வலது கை விரல் ஒன்று முடங்கிப் போனது. மேடைக் கனவு அத்தோடு முடிந்தது. அதன் பிறகு அவர் எழுதியதை ஊர் கேட்பதற்கு இன்னொருவர் கை வேண்டியிருந்தது. அந்தக் கை கிளாராவுடையது.

அப்பா பார்த்த வேலை

ஷூமன் பட்ட பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவரைப் பார்க்க வேண்டும். கிளாராவின் அப்பா ஃப்ரீட்ரிக் வீக். மகளைச் சிறு வயது முதல் ஊர் ஊராக அழைத்துப் போனவர்.

அந்தக் காலத்தில் கச்சேரி ஏஜென்ட் என்று ஒரு ஆள் கிடையாது. ஒரு ஊரில் வாசிக்க வேண்டுமானால் முதலில் அங்கே போய் இறங்க வேண்டும். கையோடு கொண்டுபோன அறிமுகக் கடிதங்களை எடுத்துக்கொண்டு பிரபுக்கள் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். அரங்கை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். போலீஸ் அனுமதி, டிக்கெட் அச்சு, விற்பனை, பத்திரிகைக்காரர்களைப் பார்ப்பது, கூட வாசிக்கவும் பாடவும் உள்ளூர்க் கலைஞர்களைச் சேர்ப்பது எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் பியானோ. அதை வயலின் மாதிரி கையில் எடுத்துக்கொண்டு போக முடியாது. போன ஊரில் கிடைப்பதை இரவல் வாங்கி, ஸ்ருதி சேர்த்து, கட்டை ஒட்டிக்கொள்கிறதா என்று பார்த்து வைக்க வேண்டும்.

வீக் இதில் சூரர். பியானோ வியாபாரியும் ஆசிரியருமான அவருக்கு எல்லா நுணுக்கமும் தெரியும். காசு விஷயத்தில் கறார். மகளின் நாட்குறிப்பைக்கூட அவரே எழுதினார். அதுவும் "நான்", "எனக்கு" என்று மகள் எழுதுவது போலவே. அப்படி ஒரு பிடி.

நம் வாசகருக்கு இங்கே கல்கி சதாசிவம் நினைவுக்கு வருவார். அவருடைய மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி 1966-ல் ஐ.நா. சபையில் பாடியபோதும், அதற்கு முன்னும் பின்னும், எந்தக் கச்சேரியை ஒப்புக்கொள்வது, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதெல்லாம் அவர் தீர்மானம். அவரைக் கூடப் போனவர் என்று சொல்லக் கூடாது, கூட்டிக்கொண்டு போனவர். வீக்கும் அந்த ரகம்தான். ஷூமன் அந்த ரகம் இல்லை. பேசத் தெரியாதவர். விருந்துகளில் மணிக்கணக்கில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார் என்று அவரைச் சந்தித்த பலர் எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் ஒரு பிரபு வீட்டு வாசலில் போய் நின்று டிக்கெட் விற்பதாவது!

கல்யாணத்துக்கு வீக் சம்மதிக்கவில்லை. வழக்கு நீதிமன்றம் வரை போய், 1840 செப்டம்பர் 12-ல், கிளாராவுக்கு 21 வயது நிறைவதற்கு முதல் நாள், கல்யாணம் நடந்தது. மறுநாளே ஷூமன் ஒரு நோட்டை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். இருவருக்கும் பொதுவான நாட்குறிப்பு. ஒரு வாரம் இவர் எழுத வேண்டும், மறு வாரம் அவர். ஞாயிற்றுக்கிழமை காலைக் காபி நேரத்தில் நோட்டு கைமாற வேண்டும். வாயால் சொல்ல முடியாததை அதில் எழுதலாம். எழுதத் தவறினால் தண்டனை என்று விதிகூட உண்டு. புதுமாப்பிள்ளைகள் செய்யும் காரியமா இது என்று சிரிப்பு வரும். ஆனால் அந்த நோட்டு இல்லையென்றால் இந்தக் கட்டுரை இல்லை.

அதில் கிளாரா சீக்கிரமே ஒரு குறையை எழுதத் தொடங்குகிறார். கணவர் இசை எழுதும்போது வீட்டில் பியானோ சத்தம் கேட்கக் கூடாது. அவரோ நாள் முழுக்க எழுதுகிறவர். வாசிப்பு கை நழுவிப் போகிறதே என்று கவலை. கல்யாணத்துக்கு முன்பு ஐரோப்பாவே கொண்டாடிய கலைஞர், சொந்த வீட்டில் சாதகம் செய்ய நேரம் பார்த்துக் காத்திருந்தார்.

ஓல்டன்பர்க்கில் ஒரு அழைப்பு

1842 பிப்ரவரியில் இருவரும் வட ஜெர்மனிக்குக் கிளம்பினார்கள். ஷூமன் கூடப் போனதற்கு வலுவான காரணம் இருந்தது: பிரேமனிலும் ஹாம்பர்க்கிலும் அவருடைய முதல் சிம்ஃபனி வாசிக்கப்பட இருந்தது. ஆக அவரும் கலைஞராகத்தான் போகிறார் என்று மனசுக்குச் சமாதானம்.

ஓல்டன்பர்க் அரசவையில் அந்தச் சமாதானம் கலைந்தது. அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தது, கிளாராவுக்கு மட்டும். அவர் போய் வாசித்து, பாராட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பினார். ஷூமன் விடுதி அறையில் இருந்தார். திரும்பி வந்த மனைவியின் சந்தோஷத்தில் கலந்துகொள்ள முடியாத அளவு தன்மானம் அடிபட்டிருந்தது. அழைத்தவர்களுக்கு ஒரு கணவரையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். கலைஞர்களின் மனைவிமார் எத்தனையோ பேர் அது போலப் பல மாலைகளை விடுதி அறைகளில் கழித்திருப்பார்கள். ஷூமனுக்கு அது புதிது.

ஹாம்பர்க்கோடு அவர் திரும்பிவிட்டார். கிளாரா துணைக்கு ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு கோபன்ஹேகன் போனார். லைப்ஸிக்கில் ஊர் வாய் சும்மா இருக்குமா? தம்பதி பிரிந்துவிட்டார்கள் என்று பேச்சு. அதை ஆர்வத்தோடு பரப்பியவர்களில் மாமனார் வீக்கும் ஒருவர்.

வீட்டில் தனியாக இருந்த வாரங்களில் ஷூமன் குடித்தார், சோர்ந்து கிடந்தார், ஃபியூக் என்ற இசை வடிவத்தை எழுதும் இலக்கணத்தைப் பழகினார், ஹேடன், மோட்ஸார்ட்டின் நால்வர் இசையைப் பிரித்துப் படித்தார். நாட்குறிப்பில் ஒரு கேள்வியை எழுதினார். உன் பயணங்களுக்குத் துணையாக வருவதற்காக என் திறமையை நான் கைவிடுவதா? நான் காகிதத்தோடு கட்டுண்டு கிடப்பதால் உன் திறமை வீணாவதா? கேட்ட முறையில் நேர்மை இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கேட்டிருக்கிறார். பதில்தான் கடைசி வரை இருவருக்கும் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தாற்போல் சம்பாதித்துவிட்டு வரலாமா என்றுகூட அந்தச் சமயம் யோசித்தார்கள்.

மனைவி ஊர் திரும்பிய பிறகு அந்த வருஷக் கோடையில் மூன்று நால்வர் இசைப் படைப்புகள், இலையுதிர் காலத்தில் பியானோ குவின்டெட் (ஐவர் இசை) என்று வரிசையாக எழுதித் தள்ளினார். குவின்டெட் கிளாராவுக்கு அர்ப்பணம். பாதியில் திரும்பி வீட்டில் தங்கிய வருஷத்தின் விளைச்சல் இது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பயணத்தைப் பாருங்கள்.

பனிவண்டியில் நான்கு மாதம்

ரஷ்யா கிளாராவின் நெடுநாள் ஆசை. பணம் கொழிக்கும் இடம் என்று பெயர். பியானோ கலைஞர் லிஸ்ட் 1842-லும் 1843-லும் போய்க் கொடிநாட்டிவிட்டு வந்திருந்தார். ஷூமனுக்கு இஷ்டமில்லை. 1843 டிசம்பரில்தான் அவருடைய 'சொர்க்கமும் பெரியும்' என்ற இசைப் படைப்பு லைப்ஸிக்கில் அரங்கேறி, வாழ்நாளிலேயே பெரிய வெற்றியைக் கொடுத்திருந்தது. அவரே நின்று நடத்தியது. அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் பெட்டி கட்டச் சொன்னால்? கிளாரா இசையமைப்பாளர் மெண்டல்சனை அணுகி, நீங்கள் சொன்னால் கேட்பார் என்றார். மெண்டல்சன் சொன்னார், ஷூமன் தலையாட்டினார்.

1844 ஜனவரி 25. இரண்டு வயது மூத்த மகள் மேரியையும், ஒரு வயதுகூட நிறையாத அடுத்த மகள் எலிஸையும் ஷ்னீபர்க்கில் இருந்த ஷூமனின் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பெர்லின் வரை ரயில். கோனிக்ஸ்பர்க்குக்கோ அதற்கு அப்பாலோ ரயிலே இல்லை. (பீட்டர்ஸ்பர்க்குக்கும் மாஸ்கோவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது 1851-ல்தான்.) குதிரை வண்டி, பனி கூடியதும் சக்கரமில்லாத பனிவண்டி. எல்லையில் பாஸ்போர்ட் சோதனை. மிட்டாவ், ரீகா, டார்பாட் என்று போகிற வழியெல்லாம் கச்சேரி. கிளாராவுக்கு இது பழகிய வாழ்க்கை. ஐந்து வயதிலிருந்து கட்டையில் கைவைத்தவர், சத்திரத்துப் படுக்கையும் உறைந்த விரல்களும் அவருக்குச் சாதாரணம்.

டார்பாட்டில் ஷூமன் படுத்துவிட்டார். இன்று எஸ்தோனியாவில் தார்த்து என்று அழைக்கப்படும் பல்கலைக்கழக நகரம் அது. ஜலதோஷம், காய்ச்சல், கூடவே மனச்சோர்வு. ஊர் மாணவர்கள் கிளாராவைக் கொண்டாட, கிளாரா பகலில் நோயாளியைப் பார்த்துக்கொண்டு மாலையில் மேடையேறினார். இங்கே யார் யாருக்குத் துணை?

பீட்டர்ஸ்பர்க்கில் முதல் கச்சேரிக்கு எதிர்பார்த்த கூட்டம் இல்லை. அந்த சீசனில் இத்தாலிய ஆபரா கோஷ்டி வந்து நகரத்தின் பணத்தையும் மனத்தையும் அள்ளிக்கொண்டிருந்தது. ஆபராவில் பாடிக்கொண்டிருந்த பாலின் வியார்தோ கிளாராவின் பழைய தோழி. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் நாடகக் கொட்டகைகள் மூடப்படும். ரஷ்யாவில் கச்சேரிக்காரர்களின் அறுவடைக் காலம் அதுதான். அடுத்தடுத்த கச்சேரிகள் நிறைந்தன. குளிர்கால அரண்மனையில் ஜார் மன்னர் குடும்பத்துக்கு முன் கிளாரா வாசித்தார். பட்டத்தரசி பிரஷ்ய இளவரசி, ஜெர்மன் பேசுகிறவர், அதனால் பேச்சும் சுமுகம். வியல்கோர்ஸ்கி பிரபு வீட்டில் ஷூமனுக்கும் ஒரு நல்ல மாலை அமைந்தது. அங்கே திரட்டிய இசைக்குழுவை வைத்து அவரே தன் முதல் சிம்ஃபனியை நடத்தினார்.

மாஸ்கோ போகிற வழியில், ட்வேர் ஊருக்குப் பக்கத்தில், ஷூமனின் தாய்மாமன் இருந்தார். பல வருஷங்களுக்கு முன் ஜெர்மனியை விட்டுப் போய் ரஷ்யாவிலேயே தங்கிவிட்ட மருத்துவர். மருமகன் வந்து நின்றதும் கிழவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டில் ஷூமன் யாருடைய கணவரும் இல்லை, அக்கா தங்கை பெற்ற பிள்ளை. பயணக் குறிப்புகளில் மனம் விட்டுச் சிரிக்கும் பக்கங்கள் அவையாகத்தான் இருக்க வேண்டும்.

மாஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது சீசன் முடியும் தறுவாய். வருமானம் சுமார். கிளாரா வாசித்துக்கொண்டிருக்க ஷூமன் கிரெம்ளினைச் சுற்றி நடந்தார். அங்கே அவர் எழுதியது கவிதை. அங்கிருந்த மணியைப் பற்றி, நெப்போலியனைப் பற்றி. இசையமைப்பாளர் நான்கு மாதப் பயணத்தில் கவிதை எழுதுகிறார் என்றால், எழுத வேண்டிய இசை வரவில்லை என்று பொருள். கதேயின் ஃபவுஸ்டைப் படித்தது ஒன்றுதான் பின்னால் உதவியது. அதன் காட்சிகளுக்கு ஊர் திரும்பியதும் இசை எழுதத் தொடங்கினார்.

பயணத்தில் ஒரு நாள், தாங்க முடியாத அவமதிப்புகள் என்றும், அந்த நேரத்தில் கிளாரா நடந்துகொண்ட விதம் என்றும் சுருக்கமாகக் குறித்துவைத்திருக்கிறார். அதற்கு மேல் விவரம் இல்லை. கிளாரா என்னதான் செய்திருப்பார்? மாளிகைக்காரர்கள் கணவரைக் கவனிக்காமல் விட்டபோது கண்டுகொள்ளாமல் சிரித்துப் பேசியிருப்பார். பேசாமல் வேறென்ன செய்வது? டிக்கெட் வாங்க வேண்டியவர்கள் அவர்கள்தானே. அப்பா செய்து கொடுத்த வேலையையும் இப்போது அவரே செய்துகொண்டிருந்தார். போதாக்குறைக்குக் கணவரின் முகம் வாடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் சேர்ந்துகொண்டது. இதில் ஒரு விசேஷம்: ஷூமன் வழியில் கிறுக்கிவைத்த சிறு குறிப்புகளை எடுத்து, விரிவாக நாட்குறிப்பில் எழுதி முடித்ததும் கிளாராதான்.

ஷூமன் ரசிகர்கள் இந்தப் பயணத்தைப் பற்றி எழுதும்போது அவருக்காக உருகுவது வழக்கம். மேதையை மூட்டை தூக்க வைத்துவிட்டார்களே என்ற தொனி. எனக்கு அந்த உருக்கம் பாதிதான் வருகிறது. மேதை துன்பப்பட்டது உண்மை. அந்த மூட்டையை அவர் சரியாகத் தூக்கவில்லை என்பதும் உண்மை. கூடப் போகிறவருக்கு ஒரு வேலை வேண்டும். வேலையில்லாமல் கூடப் போகிறவர் இன்னொரு சுமையாகிவிடுவார். வீக்கிடம் ஆயிரம் குற்றம் சொல்லலாம், ஆனால் அவர் இருந்தவரை கிளாரா வாசித்தால் போதும்.

மே மாதக் கடைசியில் ஊர் திரும்பினார்கள். ஆகஸ்டில் ஷூமன் உடலும் மனமும் ஒடிந்து படுத்தார். பத்து வருஷமாக நடத்திய இசைப் பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பை அந்த வருஷமே விட்டார். டிசம்பரில் லைப்ஸிக்கையும் விட்டு ட்ரெஸ்டனுக்குக் குடிபோனார்கள்.

கைதட்டல் திசை மாறியபோது

1846 கடைசியில் வியன்னா போனார்கள், இந்தத் தடவை மேரியையும் எலிஸையும் அழைத்துக்கொண்டு. ஒரு காலத்தில் கிளாராவைத் தலையில் வைத்து ஆடிய ஊர். 1847 புத்தாண்டு தினத்தில் ஷூமனின் சிம்ஃபனியும் பியானோ கான்சர்ட்டோவும் அங்கே வாசிக்கப்பட்டன. ஊர் மரியாதைக்குக் கைதட்டியது. கையில் நஷ்டம். கிளாரா புலம்ப, பத்து வருஷம் போனால் எல்லாம் மாறிவிடும் என்று கணவர் தேற்றினாராம். கடைசிக் கச்சேரியில் ஸ்வீடன் பாடகி யென்னி லிண்ட் வந்து பாடினார். அரங்கு பிதுங்கியது, நஷ்டமும் ஈடானது. தன் வாசிப்புக்கு வராத கூட்டம் இன்னொருத்தி பாட்டுக்கு வந்ததே என்று கிளாரா மனம் கசந்தார். மேடையில் இருப்பவரும் சில சமயம் இன்னொருவர் தயவில்தான்.

1853 நவம்பரில் ஹாலந்து. இங்கேதான் ஆச்சரியம். டச்சுக்காரர்களுக்குக் கிளாராவின் வாசிப்பு எவ்வளவு பிடித்ததோ, அவ்வளவு ஷூமனின் இசையும் பிடித்திருந்தது. ரோட்டர்டாமில் அவருடைய மூன்றாம் சிம்ஃபனியை ஏற்கெனவே பழகி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். முதல் தடவையாக ஒரு சுற்றுப்பயணத்தில் இருவருக்கும் ஒரே அளவு மாலை விழுந்தது. அதிலும் ஒரு திருஷ்டிப் பொட்டு: ஹேக் நகர அரண்மனையில் கிளாரா வாசித்து முடித்ததும் ஒரு இளவரசர் ஷூமனிடம் திரும்பி, உங்களுக்கும் இசையில் ஈடுபாடு உண்டா, என்ன வாத்தியம் வாசிப்பீர்கள் என்று கேட்டாராம். நடந்ததோ, கட்டிவிட்டதோ, கதை நிலைத்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, 1854 பிப்ரவரி 27 அன்று, ஷூமன் அப்போது குடியிருந்த டுஸ்ஸல்டார்ஃப் நகரின் பாலத்திலிருந்து ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றினார்கள். அவரே கேட்டுக்கொண்டபடி மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கேயே 1856 ஜூலை 29-ல் இறந்தார்.

அந்த வருஷங்களில் கிளாராவின் கையில் ஏழு பிள்ளைகள், கடைசிக் குழந்தை ஷூமன் மருத்துவமனைக்குப் போன பிறகு பிறந்தது. சம்பாதிக்க வேண்டுமானால் ஊர் ஊராகப் போயாக வேண்டும். அப்போது வந்து நின்றவர் இருபது வயதைத் தாண்டாத இசையமைப்பாளர் பிராம்ஸ். அவர் பெரும்பாலும் கிளாராவோடு ஊர் சுற்றப் போகவில்லை. டுஸ்ஸல்டார்ஃப் வீட்டில் தங்கிப் பிள்ளைகளைக் கவனித்தார், ஷூமன் எழுதிவந்த வீட்டுக் கணக்கு நோட்டைத் தொடர்ந்து எழுதினார். கிளாராவின் கலை வாழ்க்கைக்கு ஆண்கள் செய்த உதவிகளில் உருப்படியானது எது என்று கேட்டால், நான் இந்தக் கணக்கு நோட்டைத்தான் சொல்வேன்.

கிளாரா 1891 வரை மேடையில் இருந்தார். அவர் சேர்த்துவைத்த நிகழ்ச்சித் தாள்கள் சுமார் 1,300. ஷூமன் பிறந்த ஸ்விக்காவ் ஊரில் இன்றும் இருக்கின்றன. 1990 முதல் யூரோ வரும் வரை ஜெர்மனியின் 100 மார்க் நோட்டில் இருந்தது கிளாராவின் முகம்.

கணவர் போன பின் அந்தப் பயணங்களில் யார் கூடப் போனார்கள்? கூலிக்கு அமர்த்திய துணைப் பெண்கள், தோழிகள், பிறகு வளர்ந்த மகள்கள். மற்ற எல்லோரையும்விட நிலைத்து நின்றவர் மூத்தவள் மேரி, ரஷ்யப் பயணத்தின்போது பெரியப்பா வீட்டில் விடப்பட்ட அந்த இரண்டு வயதுக் குழந்தை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவுக்குச் செயலாளர், வீட்டு நிர்வாகி, பிராங்ஃபர்ட்டில் அம்மா 1878-ல் ஆசிரியப் பணி ஏற்ற பிறகு உதவி ஆசிரியர். 1896-ல் கிளாரா இறந்ததும், பெற்றோரின் நாட்குறிப்புகளையும் கடிதக் கட்டுகளையும் பெர்த்தோல்ட் லிட்ஸ்மன் என்ற பேராசிரியரிடம் ஒப்படைத்து வரலாறு எழுதச் சொன்னதும் மேரிதான். 1902 முதல் 1908 வரை மூன்று தொகுதிகளாக அது வெளிவந்தது. ஓல்டன்பர்க் விடுதி அறையில் ஷூமன் குமுறியது உலகத்துக்குத் தெரிய வந்தது அப்படித்தான்.